‘கல்விக் காவியம்’: ஒரு சீர்திருத்தக் குடியிருப்பின் அன்றாடம்

சிறையில் அடைபட்டவர் எழுதிய நூல்கள் உலக இலக்கியத்தில் பல. அடைபட்டவரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் எழுதிய நூல்கள் மிகச் சில. காரணம் அறிவதற்கு அரிதன்று. அடைபட்டவனின் துயரம் தானே கதையாகும் இயல்புடையது. நிலையத்தை நடத்துபவனின் நாளோ மாவுக் கணக்கிலும் விறகுக் கணக்கிலும் காலணிக் கணக்கிலும் கழிவது. விடிந்தால் எழுப்ப வேண்டும்; எழுப்பியவர்க்கு உணவு வேண்டும்; உண்டவர்க்கு வேலை வேண்டும்; இரவில் எல்லாரும் இருக்கின்றனரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தகைய நாள்களைக் கொண்டு ஒரு நாவல் எழுத இயலுமா என்ற ஐயத்திற்கு விடையாக நிற்பது அன்தோன் மக்காரென்கோவின் ‘கல்விக் காவியம்’ ஆகும்.

ஆங்கிலத்தில் ‘வாழ்க்கைப் பாதை’ என்று பொருள்படும் தலைப்பில் இந்நூல் வந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் பலர் இதனைக் கல்வி நூலாகவே அறிவர். நாவலாக எடுத்துப் படித்தோர் குறைவு. கல்வியாளர் இதிலிருந்து கொள்கைகளைப் பிரித்தெடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டனர். இலக்கியவாதிகள் இதனைக் கல்வித்துறைக்குரியது என்று ஒதுக்கிவிட்டனர். இரண்டும் பிழை. இந்நூல் சொல்லும் உண்மை கதைக்குள்தான் இருக்கிறது. இந்நூல் மறைக்கும் உண்மையும் கதையின் போக்கை உற்று நோக்குவோர்க்கே புலப்படும்.

நூலும் பின்னணியும்

மக்காரென்கோ 1888ஆம் ஆண்டில் உக்ரைனில் பிறந்தவர். தந்தையார் இரயில்வே பட்டறையில் சாயம் பூசும் தொழிலாளி. மகன் 1905இல் இரயில்வே தொழிலாளர் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் ஆசிரியரானார். 1914 முதல் 1917 வரை பொல்தாவா ஆசிரியர் கல்லூரியில் பயின்று தங்கப் பதக்கம் பெற்றார். முதல் உலகப் போரும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் பஞ்சமும் பல இலட்சம் சிறுவரைத் தெருவில் விட்டிருந்த காலம் அது. பெற்றோரை இழந்து, இரயில் வண்டிகளில் திரிந்து, திருடியும் கொள்ளையடித்தும் பிழைத்த அச்சிறுவருக்கென ஒரு குடியிருப்பைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு 1920இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாக்சிம் கார்க்கியின் பெயரைத் தாங்கிய அக்குடியிருப்பில் அவர் 1928 வரை பணியாற்றினார். கார்க்கவ் நகரில் 1927 இறுதியில் தொடங்கப்பெற்ற ஜெர்ஜின்ஸ்கி கம்யூனில் 1935 வரை இருந்தார். ‘கல்விக் காவியம்’ மூன்று பாகங்களாக 1933 முதல் 1935 வரை வெளிவந்தது. 1939இல் அவர் மறைந்தார்.

நூலின் தலைப்பே சிந்தனைக்குரியது. உருசிய மொழியில் அவர் இட்ட பெயரிலுள்ள சொல் நெடிய கதைப்பாட்டைக் குறிப்பது. கோகோல் தம் ‘இறந்த ஆன்மாக்கள்’ என்னும் உரைநடை நூலுக்கு அதே சொல்லை இட்டிருந்தார். அம்மரபை அறிந்தே மக்காரென்கோவும் கையாண்டார் எனலாம். கல்வி என்னும் வறண்ட சொல்லையும் காவியம் என்னும் உயர்ந்த சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது. ஓர் அறைகூவலும் இருக்கிறது. விறகு வெட்டுவதும் பன்றி வளர்ப்பதும் காவியப் பொருளாகும் என்பதே அவ்வறைகூவல்.

கதை வெறுமையிலிருந்து தொடங்குகிறது. பொல்தாவாவிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில், மணற்பாங்கான காட்டு வெளியில், ஐந்து செங்கற் கட்டடங்கள். முன்னர் அங்கிருந்த சீர்திருத்த நிலையம் கலைந்தபின் அண்டை ஊரார் கதவு, சன்னல், அடுப்பு என எடுக்கக்கூடிய அனைத்தையும் எடுத்துச் சென்றுவிட்டனர். பழமரங்களைக்கூட வேரோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தனர். இருந்தவர் ஓர் இயக்குநர், இரண்டு ஆசிரியைகள், காலினா இவானோவிச் என்ற முதிய பண்டகக் காப்பாளர், அவ்வளவே. பொறுப்பை ஏற்றவுடன் கல்வி நூல்களை வரிசையாகப் படித்துப் பார்த்ததாகவும், அவற்றுள் ஒன்றுகூட மறுநாள் காலையில் என்ன செய்வது என்று சொல்லவில்லை என்றும் கதைசொல்லி கூறுமிடம் ஆசிரியத் தொழிலில் உள்ளோர் எவரையும் புன்னகைக்க வைக்கும். அப்புன்னகையில் கசப்பும் கலந்திருக்கும்.

அந்த அறை

1920ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் முதல் அறுவர் வருகின்றனர். நால்வர் பதினெட்டு வயதினர். ஆயுதந் தாங்கிக் கொள்ளையிட்டவர்கள். இருவர் இளையோர்; திருட்டுக் குற்றத்திற்கு ஆளானவர்கள். அவர்கள் வேலை செய்வதில்லை, ஆசிரியரைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு வாரத்திற்குள் அவர்களுள் ஒருவன் கொலைக் குற்றத்திற்காகக் கைதாகிறான். பனிக்காலத்தில் ஒருநாள், சமையலறைக்கு விறகு வெட்டும்படி சதோரவ் என்பவனிடம் இயக்குநர் சொல்கிறார். அவன் அவரை ஒருமையில் விளித்து, நீயே போய் வெட்டிக்கொள் என்ற பொருள்பட விடையளிக்கிறான்.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. உருசிய மொழியிலும் ‘நீ’ உண்டு, ‘நீங்கள்’ உண்டு. மாணவன் ஆசிரியரை ‘நீ’ என்பது சொற்பிழை அன்று, உறவின் முறிவு. இயக்குநர் அவனை அறைகிறார், மீண்டும் அறைகிறார், மூன்றாம் முறையும் அறைகிறார். அவன் அடுப்பின்மேல் சாய்கிறான். பின்னர் எல்லாரையும் காட்டிற்கு அழைத்துச் செல்கிறார். அவர்கள் கையில் கோடரிகளைக் கொடுக்கிறார். அன்று மாலைக்குள் சதோரவ் அவரிடம் இணக்கமாகச் சிரித்துப் பேசுகிறான்.

இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் பேசும் நிகழ்ச்சி இது. அடியின் பெருமைக்குச் சான்றாக இதனைக் காட்டுவோர் உண்டு. நூலையே விலக்குதற்குக் காரணமாக இதனைக் காட்டுவோரும் உண்டு. இரு சாராரும் அடுத்த பக்கங்களைப் போதிய கவனத்துடன் படித்திலர் என்றே கருத வேண்டியிருக்கிறது.

அடுத்த பக்கங்களில் எக்காத்தெரினா கிரிகோரியெவ்னா என்னும் ஆசிரியை சில நாள் இயக்குநரிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. பின்னர் ஒரு வினா எழுப்புகிறார். பிள்ளைகள் அந்த நிகழ்ச்சியைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசுகின்றனரே, அடித்தவரை விரும்பவும் தொடங்கிவிட்டனரே, இது என்ன, அடிமைப் பழக்கமா என்பது அவ்வினாவின் சாரம். நாவலின் மிக நேர்மையான இடம் இதுவே. தம்மைக் குற்றம் சாட்டும் குரலை ஆசிரியர் நூலுக்குள்ளேயே வைத்திருக்கிறார். அதனை இழிவுபடுத்தவும் இல்லை.

அவர் தரும் விடை கருதத்தக்கது. சதோரவ் தம்மைவிட வலியவன்; ஓர் அடியில் தம்மை முடமாக்கியிருக்க முடியும். தாமோ அவனை மேலதிகாரிகளிடம் ஒப்படைத்துப் பாதுகாப்பாக விலகியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் தம்மையே இடருக்கு உட்படுத்திக்கொண்டதை, அலுவலர் ஒருவரின் செயலாக அன்றி மனிதர் ஒருவரின் செயலாக அவர்கள் கண்டனர் என்பது அவர் கருத்து. அடித்த கை சட்டத்தின் துணையோடு அடித்ததன்று. அன்றைய சோவியத் கல்விமுறையில் மாணவரை அடிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. அடித்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்கக்கூடும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைத்தல் பொருந்தும். மலேசியாவின் 1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் பிரம்பைத் தலைமையாசிரியரிடமும், அவர் அதிகாரம் அளித்தவரிடமும் மட்டுமே கொடுத்தன. அவ்விதியின் நோக்கம் அடியிலிருந்து சினத்தை நீக்குவதாகும். மக்காரென்கோவின் அடியிலோ சினமன்றி வேறெதுவும் இல்லை. ஆகவே, இந்நாவலைப் பிரம்பிற்குச் சான்றாகக் காட்டுவோர் பிழைபடுகின்றனர். முறைப்படி ஓங்கப்படும் பிரம்பிற்கும் அந்த அறைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நாவலாசிரியரும் அதனை ஒரு முறையாகப் பரிந்துரைக்கவில்லை. தோல்வியின் எல்லையில் நிகழ்ந்ததாகவே வைக்கிறார்.

எனினும், ஒரு குறையைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. ஆசிரியையின் வினாவிற்கு விடை சொல்பவர் அடித்தவர், அடிபட்டவன் அல்லன். சதோரவின் சிரிப்பை வாசகர் காண்கின்றனர். அன்றிரவு அவன் என்ன நினைத்தான் என்பதைக் காண்பதில்லை. நூல் முழுதும் இக்குறை தொடர்கிறது.

விறகிலிருந்து பிறந்த ஒழுங்கு

அறை ஒரு நாளைத்தான் மாற்றியது. ஆண்டுகளை மாற்றியது வேறு. நாவலின் உண்மையான சிறப்பு அங்கேதான் இருக்கிறது.

குடியிருப்பின் புகழ்பெற்ற அணிமுறை ஏதேனும் ஒரு கொள்கையிலிருந்து பிறந்ததன்று. பனிக்காலத்தில் அடுப்புகளுக்கு விறகு வேண்டும். எல்லாருக்கும் போதிய காலணியும் உடையும் இல்லை. ஆகவே சிலரை அப்பணிக்கென ஒதுக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு ஒரு தலைவன் வேண்டியதாயிற்று. இவ்வாறு முதல் அணி தோன்றியது. பின்னர்ப் பட்டறைதோறும் அணிகள் எழுந்தன. அணித்தலைவர்கள் கூடிப் பேசும் தலைவர் அவை உருவாயிற்று. தலைவர்க்கு வேலையிலிருந்து விலக்கு இல்லை. கூடுதல் உணவும் இல்லை. இச்சிறு விதியை ஆசிரியர் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். ஆயின், மாணவர் தலைவர்களை நியமித்து அவர்கள் குட்டி அதிகாரிகளாகிவிட்டதைக் கண்டு வருந்தியோர்க்கு, குடியிருப்பு முழுவதும் இவ்வொரு விதியின்மேல் நின்றது என்பது விளங்கும்.

1923ஆம் ஆண்டு வசந்தத்தில் கலப்பு அணி என்னும் புதிய ஏற்பாடு வருகிறது. ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, ஒரு வாரத்திற்கு மேற்படாமல், பல அணிகளிலிருந்தும் ஆள் சேர்த்து அமைக்கப்படுவது கலப்பு அணி. உருளைக்கிழங்கு வயலில் களை எடுக்க வேண்டுமா? எத்தனை பேர், எத்தனை நாள், யார் தலைவன் என்று முடிவாகும். வேலை முடிந்ததும் அணி கலைந்துவிடும். இதன் நுட்பம் யாதெனில், நிலையான அணியின் தலைவன் கலப்பு அணியில் பெரும்பாலும் சாதாரண வேலையாளாகவே செல்வான். சாதாரணச் சிறுவன் ஒருவன் அவனுக்கு ஆணையிடுவான். அடுத்த வாரம் நிலை மாறும். ஆணையிடக் கற்றவன் பணியவும் கற்றான். பணிந்தவன் ஆணையிடும் பொறுப்பின் சுமையையும் அறிந்தான். குடியிருப்பில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு காலத்தில் தலைவராக இருந்தனர்.

அடைத்து வைக்கப்பட்ட சிறுவர் நிலையங்கள் எங்கும் தோன்றக்கூடிய கேடு ஒன்று உண்டு. வலியவன் ஒருவன் எழுந்து மற்றவரை அடக்குவான். நிலையத்தை நடத்துவோர் தம் வசதிக்காக அவனைக் கண்டும் காணாமல் விடுவர். நாளடைவில் இரவு நேரத்தின் உண்மையான ஆட்சியாளன் அவனே ஆவான். கலப்பு அணி இதற்குரிய மருந்து. எவனும் நிலையாக மேலே இருக்க இயலாதபடி வேலையின் ஓட்டமே செய்துவிடுகிறது. அறவுரை ஒன்றுமின்றி இது நடைபெறுகிறது என்பதே வியப்பு.

விதிகளை விவரிக்கும் இப்பகுதி வறண்டிருக்க வேண்டும். வறளாமல் காப்பவை மக்காரென்கோவின் நகைச்சுவையும் மாந்தரும் ஆவர். புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமல் உலகத்தைத் திட்டிக்கொண்டே பண்டகத்தைக் காக்கும் காலினா இவானோவிச் உலக நாவல்களின் சிறந்த துணைமாந்தருள் ஒருவர். அவருக்கு நேர்மாறானவர் வேளாண் வல்லுநர் ஷெரே. அவர் குரலை உயர்த்துவதில்லை, உணர்ச்சியைக் காட்டுவதில்லை, பயிர்ச் சுழற்சியைத் திட்டமிட்டு, வேலையைத் துல்லியமாகப் பகிர்ந்தளிக்கிறார். முரட்டுச் சிறுவர் அவரை வழிபடாத குறையாக மதிக்கின்றனர். தம் தொழிலை முழுமையாக அறிந்த ஒருவரிடம் சிறுவர்க்கு எழும் மதிப்பை இதனினும் நன்றாகக் காட்டிய நாவல் அரிது. அன்பு காட்டுவதாக எண்ணிக்கொண்டு பாடத்தைச் சரிவர ஆயத்தம் செய்யாமல் வகுப்பிற்குச் செல்வோர்க்கு ஷெரே ஒரு மறைமுகக் கண்டனம்.

சனிக்கிழமைதோறும் நடந்த நாடகமும் இவ்வொழுங்கின் ஒரு பகுதியே. ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் மேடையேறின. ஒருகாலத்தில் குடியிருப்பின் பெயரைக் கேட்டாலே அஞ்சிய அண்டை ஊரார் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தனர். நடிப்பவர்க்கு மட்டுமன்றி அரங்கைச் சூடாக்குவோர்க்கும் திரை அமைப்போர்க்கும் விருந்தினரை வரவேற்போர்க்கும் தனித்தனிக் கலப்பு அணிகள் இருந்தன. கலைநிகழ்ச்சி என்றால் திறமையுள்ள பத்துப் பேரை மேடையேற்றி எஞ்சியோரைக் கைதட்ட வைப்பது என்று கருதுவோர்க்கு இதில் பாடம் உண்டு.

நம்பிக்கையின் கணக்கு

நாவலின் உயிர்நாடியான காட்சி கரபானவ் பற்றியது. தோழன் மித்யாகினுடன் சேர்ந்து ஊரார் தோட்டத்தில் இரவில் தர்ப்பூசணி திருடியதன் தொடர்பாக, மித்யாகினை வெளியேறும்படி இயக்குநர் சொல்கிறார். கரபானவும் உடன் செல்கிறான். சில நாளில் கரபானவ் மட்டும் திரும்பி வருகிறான். இயக்குநர் விசாரணை நடத்துவதில்லை, வாக்குறுதி கேட்பதில்லை. சிறிது காலங் கழித்து அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, குதிரையில் நகருக்குப் போய்க் குடியிருப்புக்குரிய ஐந்நூறு ரூபிளை வாங்கி வரச் சொல்கிறார். அவன் கொண்டுவந்து கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் பெட்டியில் வைக்கிறார். மறுமுறை இரண்டாயிரம் ரூபிள். அப்போதும் எண்ணுவதில்லை. கரபானவ் குமுறுகிறான். வழியில் யாரேனும் கொள்ளையர் வந்து தாக்கமாட்டார்களா, உயிர் போகும்வரை போராடி அப்பணத்தைக் காக்கும் வாய்ப்புக் கிட்டாதா என்று ஏங்கியபடியே வந்ததாகச் சொல்கிறான்.

இக்காட்சியில் மிகையில்லை. நம்பிக்கை என்னும் சொல்லை ஆசிரியர் பாராட்டிப் பேசவில்லை. எண்ணாமல் வைக்கும் ஒரு செய்கை, அவ்வளவே. ஆயினும் கவனிக்க வேண்டியது ஒன்று. இச்செய்கை முதல் நாளில் நிகழவில்லை. பண்டகத்திலிருந்து பன்றிக்கொழுப்பும் பணமும் களவுபோன காலத்தில் அதே இயக்குநர் பூட்டுகளை வாங்கினார், காவல் வைத்தார். அரசுப் பண்டகத்தில் திருடுவதைப் பிள்ளைகள் தவறாகக் கருதாத காலம் அது. முதியவள் ஒருத்தியின் வாழ்நாட் சேமிப்பைப் புரூன் என்பவன் திருடியபோதுதான் அவர்களுக்குள் முதன்முதலாகச் சினம் மூள்கிறது. தம்முள் ஒருவனைத் தாமே கூடி விசாரிக்கின்றனர். அன்று தோன்றிய அந்தப் பொதுமனத்தின்மேல்தான் பிற்காலத்து நம்பிக்கை எழுகிறது. பூட்டும் வேண்டும், பூட்டைத் திறந்து வைக்கும் நாளும் வேண்டும், எந்நாளில் எது என்று அறிவதே நிலையத்தை நடத்துவோரின் கலை. இதனை வாய்பாடாக்க முடியாது என்பதால்தான் மக்காரென்கோ பாடநூல் எழுதாமல் நாவல் எழுதினார் போலும்.

காவியம் விரைந்து கடந்தவை

இத்துணைச் சிறப்புடைய நூலின் குறைகள் அதன் காவியத் தன்மையிலிருந்தே வருகின்றன. காவியத்திற்கு வெற்றி வேண்டும். குடியிருப்பு 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் கார்க்கவ் நகருக்கு அருகிலுள்ள குரியாஜ் என்னும் பழைய மடத்திற்கு இடம் பெயர்கிறது. அங்கே அழுக்கிலும் பசியிலும் கிடந்த 280 பிள்ளைகளை, கொடியும் இசையும் முழங்க வந்த 120 பழைய மாணவர் தம்முள் சேர்த்துக்கொள்கின்றனர். வாசகர் மெய்சிலிர்க்கும் பகுதி இது. ஆயின், முதற் பாகத்தில் ஒரு சிறுவன் மாறுவதற்குப் பல அதிகாரங்கள் வேண்டியிருந்தன. மூன்றாம் பாகத்தில் பலர் ஒரே நாளில் முடிவெட்டி, குளித்து, புத்தாடை உடுத்துப் புதியவராகின்றனர். அணிவகுப்பின் அழகு தனி முகங்களை மறைத்துவிடுகிறது.

சோபத் என்னும் இளைஞனின் முடிவு இதனினும் உறுத்துவது. நதாஷா என்ற பெண்ணை மணந்து தன் ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறான் அவன். அவளோ படிக்க விரும்புகிறாள். குடியிருப்பு அவள் பக்கம் நிற்கிறது. அவள் பக்கம் நின்றது சரியே. ஆயின் சோபத் தூக்கிட்டு இறந்தபோது மாணவர் அதனைப் பெரிய கலக்கமின்றி ஏற்றுக்கொண்டதாக நூல் சொல்லிச் செல்கிறது. கூட்டத்தின் வலிமையைப் பாடும் நூல், கூட்டத்தில் ஒட்டாமல் போனவனுக்காக ஒரு கணம் நின்றிருக்க வேண்டாவா? அவன் எந்த நாளில் மௌனமானான், யார் அதனைக் கவனிக்கத் தவறினர் என்ற வினாக்கள் எழாமலே கதை நகர்கிறது. சிறுவர் நிலையத்தை நடத்துவோர் உறங்காது அஞ்ச வேண்டிய வினாக்கள் அவை.

இறுதியில் பழைய மாணவர்களின் வாழ்வு சுருக்கமாகக் கூறப்படுகிறது. கரபானவ் தானே ஒரு நிலையத்தின் பொறுப்பாளனாகிறான். அவனுடைய சின்னஞ்சிறு மகனை அங்கிருந்த மாணவன் ஒருவன் கொன்றுவிடுகிறான். கரபானவ் பணியை விடவில்லை. இச்செய்தி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. இவ்வரிகளை உறுதியின் சான்றாக ஆசிரியர் வைத்தார். வாசகர் மனத்திலோ அவை வேறொரு நாவலின் முதல் வரிகளாக நிற்கின்றன.

நூலுக்கு வெளியே உள்ளதையும் திறனாய்வு கண்மூடிக் கடக்கலாகாது. மூன்றாம் பாகம் வெளிவந்த 1935ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 7ஆம் நாள் வெளியான சோவியத் ஆணை ஒன்று, பல குற்றங்களுக்குப் பன்னிரண்டு வயதுச் சிறுவரையும் முதியோருக்குரிய தண்டனைகளுக்கு உட்படுத்தியது. அதே ஆண்டில் மக்காரென்கோ உக்ரைனின் உள்துறைக் காவல் அமைப்பில் தொழிற்குடியிருப்புகளைக் கவனிக்கும் பதவிக்கு மாற்றப்பட்டார். அவருடைய கம்யூனில் பிள்ளைகள் மின்சாரத் துளைக்கருவியும் ‘ஃபெத்’ என்னும் புகைப்படக் கருவியும் செய்து புகழ் பெற்றது உண்மை. அக்கம்யூன் காவல் அமைப்பின் ஆதரவில் நடந்ததும் உண்மை. நாவலில் இயக்குநரின் பகைவர், மேலிடத்தில் அமர்ந்து ஏட்டுக்கல்வி பேசும் கல்வித்துறையினர். அவர்களை அவர் எள்ளி நகையாடும் பகுதிகள் சுவையானவை. அவரைக் காத்த கை எத்தகையது என்பதை நூல் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய காலமும் அதுவன்று. ஆயினும் இன்று படிப்போர் அதனை அறிந்தே படித்தல் வேண்டும்.

மறுபக்கத்துக் குரல்

இந்நாவலோடு சேர்த்துப் படிக்கத்தக்கது ஆலன் சில்லிட்டோவின் ‘நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை’ என்னும் ஆங்கிலக் கதை. 1959இல் வெளிவந்தது. ரொட்டிக் கடையில் பணம் திருடிய ஸ்மித் என்னும் ஏழை இளைஞன் இங்கிலாந்தின் சீர்திருத்த நிலையம் ஒன்றில் இருக்கிறான். நிலையத் தலைவர் அவனை ஓட்டப்பந்தயத்திற்குப் பழக்குகிறார். கோப்பை நிலையத்திற்கு வர வேண்டும் என்பது அவர் விருப்பம். எல்லாரையும் முந்தி வந்த ஸ்மித், எல்லைக்கோட்டின் அருகில் வேண்டுமென்றே நின்று தோற்கிறான்.

அங்கும் கால அட்டவணை உண்டு, பயிற்சி உண்டு, நம்பிக்கையும் உண்டு. விடியுமுன் தனியாக வெளியே ஓடும்படி அவனை விடுகின்றனர். அவன் தப்பிச் செல்வதும் இல்லை. ஆயினும் அது தோல்வியாக முடிகிறது. ஏன்? கோப்பை யாருக்கு என்பதே வினா. கரபானவ் கொண்டுவந்த பணம் கரபானவ் உண்ணும் ரொட்டிக்கானது. ஸ்மித் வெல்ல வேண்டிய கோப்பை தலைவரின் அறையை அணி செய்வதற்கானது. வேலையின் பயன் தமக்கே வருவதைக் காணும் சிறுவர் ஒழுங்கைத் தமதாக்கிக் கொள்கின்றனர். நிலையத்தின் பெயருக்காக மட்டும் தாம் ஓட்டப்படுவதை உணர்ந்தோர் எல்லைக்கோட்டில் நின்றுவிடுகின்றனர். பரிசளிப்பு விழாவிற்கும் ஆய்வாளர் வருகைக்கும் பிள்ளைகளைப் பல வாரம் பழக்கும் பள்ளிகள் எந்நாட்டில் இருப்பினும் இக்கதை அவற்றை நோக்கியே எழுதப்பட்டதாகத் தோன்றும்.

இரு நூல்களும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றன. மக்காரென்கோவிடம் அடிபட்டவனின் அகக்குரல் இல்லை. சில்லிட்டோவிடம் நாளை நடத்துபவரின் சுமை இல்லை. அவருடைய நிலையத் தலைவர் உயிருள்ள மாந்தராக வளராமல் ஒரு கேலிச்சித்திரமாகவே நின்றுவிடுகிறார். இரண்டையும் ஒருங்கே காட்டும் நூல் ஒன்று எழுதப்படுமாயின் அது பெருநூலாகும்.

முடிவாக

மலாக்காவை அடுத்த தெலுக் மாசிலுள்ள ஹென்றி கர்னி பள்ளி போன்ற நிலையங்கள் இந்நாட்டிலும் உண்டு. நீதிமன்ற ஆணையால் அங்கே செல்லும் பிள்ளைகள் அதற்கு முன்னர் ஏதோ ஒரு தொடக்கப்பள்ளியின் வருகைப்பதிவேட்டில் பெயராக இருந்தவர்களே. முதலில் ஒருநாள் வராதவன். பின்னர் ஒரு வாரம் வராதவன். அதன்பின் பெயர் அடிக்கப்பட்டவன். ஆகவே இந்நாவல் தொலைவிலுள்ள ஒரு நாட்டின் தெருச்சிறுவரைப் பற்றியது மட்டுமன்று. பள்ளி நடத்துவோர் எல்லாரையும் பற்றியது.

‘கல்விக் காவியம்’ ஐயத்துடன் படிக்கப்பட வேண்டிய பெருநூல். அந்த அறைக்காக அதனைப் போற்றுவோரும் தூற்றுவோரும் அதன் உட்பொருளை இழக்கின்றனர். ஒரு நாளின் ஒழுங்கு எவ்வாறு பிள்ளைகளின் சொத்தாகிறது என்பதை உலகிற்குக் காட்டிய நாவல் அது. நாளை ஏதேனும் ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது என்று நம்பினால்தான் மனிதன் இன்று எழுந்து நிற்பான் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அம்மகிழ்ச்சி முதலில் ஒரு வேளை வெண்ணெய் ரொட்டியாக இருக்கலாம். பின்னர் ஒரு நாடகமாகலாம். இறுதியில் ஒரு தொழிலாகலாம். விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழ மறுக்கும் சிறுவனின் முன் நிற்போர், அவனுக்கென்று அந்த நாளில் வைத்திருப்பது என்ன என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். விடை இல்லையெனில் அவனை எழுப்பும் உரிமை அவர்களுக்கு அன்று இல்லை.

அவ்வணிவகுப்பின் கடைசி வரிசையில் சோபத் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. நூலை மூடிய பின்னரும் வாசகர் அந்த இடத்தை மறவாதிருத்தல் வேண்டும்.